குனிந்து எடுத்த பாய்

அன்புள்ள ஃபிலிபோவுக்கு, லுசியா எழுதுவது.

நம் சியாக்கி கண் விழித்துவிட்டான். கால் எலும்பு கூடிவிடும், நடப்பான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். விழித்ததும் அவன் கேட்டது என்னையல்ல, உங்களையுமல்ல. தேங்காய்ப்பாலில் வெந்த சேப்ப இலையை. எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது. லீவு கிடைக்காமல் கடல்கடந்து அந்த ஆப்பிள் தோட்ட வேலையில் நீங்கள் எப்படித் தவித்தீர்களோ.

அடுத்ததைப் போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவீர்கள். அதனால் எழுதுகிறேன். முழுதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

சனிக்கிழமை விடியும்போதே இஃபோங்கா செய்து மன்னிப்புக் கேட்க வந்துவிட்டார்கள். நம் பிள்ளைமேல் வண்டியை ஏற்றிய இயோனாவும் அவன் குடும்பமும் வாசலில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் அவன் பெரியப்பா சமுவேலு, அவர்கள் வீட்டு நல்ல பாயைத் தலையோடு போர்த்திக்கொண்டு. பக்கத்தில் விறகும் அடுப்புக்கல்லும். எங்களை இதில் வைத்துச் சுட்டாலும் சரி என்று அர்த்தம். உங்கள் தம்பி எலியா வெட்டுக்கத்தியோடு நின்றான். "அண்ணன் மன்னிக்க மாட்டேன்னு சொல்லிட்டாரு. பாயை எடுத்தா மன்னிச்சதா ஆயிடும். யாராச்சும் தொட்டீங்க, நடக்கறதே வேற" என்றான். உங்கள் அக்கா, "இந்தக் கெழவரு வேகணும்னா இன்னும் ரெண்டு கட்டு வெறகு வேணும்டா" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மழை பிடித்துக்கொண்டது. ஒருவரும் எழவில்லை. பாய்க்குள் கிழவர் இருமினார். நான் இறங்கப் போனேன். "இருங்க அண்ணி, குனியத்தானே வந்திருக்காங்க, குனியட்டும்" என்றான் எலியா. அவன் சொன்னதிலும் தப்பில்லை. இஃபோ என்றால் குனிவது. நம் மன்னிப்புக்கே அதிலிருந்துதான் பேர் வந்தது. குனிவது தப்பு செய்தவர்கள் பாடு என்றே நானும் நினைத்திருந்தேன். ஆனால் தரையில் இருப்பவர் தலையிலுள்ள பாயை நிமிர்ந்து நின்றபடி எடுக்க முடியவில்லை. நானும் குனிய வேண்டியிருந்தது.

உங்களைக் கேட்காமல் எடுத்துவிட்டேன். "உள்ள வாங்கய்யா, நனையாதீங்க" என்றேன். சமுவேலு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எலியா முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டே எல்லோருக்கும் கோக்கோ காய்ச்சினான். நெஞ்சிலிருந்த பாரம் இறங்கிவிட்டது. இப்போது ஒழுங்காகத் தூங்குகிறேன்.

கர்த்தர் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். நீங்கள் வரும் அன்று விமான நிலையத்துக்கு இயோனாவும் வருவான், நான்தான் வரச் சொன்னேன். அவனோடு பேச வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். உங்கள் பெட்டிக்குக் கை நீட்டினால் மட்டும், கொடுத்துவிடுங்கள்.

உங்கள் வரவுக்குக் காத்திருக்கும்,
லுசியா