நீ யாருன்னு கேக்குது போன்

என் ஆசைத் தங்கச்சி பூங்கொடிக்கு,

நல்லா இருக்கியான்னு ஆரம்பிக்க மனசு வரல. நீ போயி ஒரு வருசம் ஆவப்போவுது. தொண்டையில ஆபரேஷன் பண்ணி என் குரலை எடுத்ததுக்கு அப்புறம் நான் பேசுறதெல்லாம் எழுத்துலதான். அதனால கொஞ்சம் நீளமாப் போனாலும் பொறுத்துக்க. ஊரும் படிக்கட்டும்னுதான் எழுதறேன்.

குருசுக்குப்பத்துல எல்லாருக்கும் தெரியும், படகு என்ஜின் மெக்கானிக் ஏழுமலைக்குத் தங்கச்சி குரல்னு. ஆபீஸ் வேலை போக மிச்ச நேரத்துல எனக்காக ஒரு ஆப் செஞ்ச. உன் குரலையே அதுல பதிஞ்சு வச்ச, பட்டனைத் தொட்டா நீ பேசுவ. "அந்த போல்ட்டை முறுக்காத", "டீயில சக்கரை கம்மி", "நிறுத்து, கையை எடு." மீசை வச்ச ஆளுக்குப் பொண்ணு குரலான்னு மொதல்ல சிரிச்சானுங்க. ஒருநாள் உன் "நிறுத்து"ல ஒருத்தன் விரல் தப்பிச்சுது. அதுக்கப்புறம் எவனும் சிரிக்கல.

காய்ச்சல்னு படுத்த, அஞ்சே நாள்ல போயிட்ட. ஆனா வீட்டுல உன் சத்தம் நிக்கல. அம்மாகிட்ட நான் எது பேசுனாலும் நீதானே பேசுற. அதனாலதான் அம்மா அவ்வளவா அழலன்னு எனக்கு லேட்டாத்தான் புரிஞ்சுது.

தப்பு என்னோடதுதான். மீன்பிடி தடைக்காலம் வந்தா படகெல்லாம் கரையில நிக்கும், நான் என்ஜினை மொத்தமாப் பிரிச்சு சுத்தம் பண்ணுவேன். இந்த வருசம் போனும் மெதுவா ஓடுதேன்னு, நெல்லித்தோப்பு போன் கடையில குடுத்து "ஃபுல் சர்வீஸ்"னு எழுதிக் காட்டினேன். அந்தத் தம்பியும் எல்லாத்தையும் அழிச்சுப் புது சாஃப்ட்வேர் போட்டுட்டான். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

மெமரி கார்டுல நீ செஞ்ச ஆப் பத்திரமா இருந்துச்சு. போன்தான் ஏத்துக்கல. செஞ்சவர் யாருன்னு தெரியல, போட முடியாதுன்னு வந்துச்சு. "அண்ணே, இப்பல்லாம் ஆப் செஞ்சவங்க போன் கம்பெனிகிட்ட பேரு, அடையாள அட்டை குடுத்து பதிவு பண்ணிருக்கணும். அவங்கள பண்ணச் சொல்லுங்க, சின்ன வேலைதான்"னான் கடைத் தம்பி. பேனாவை வாங்கி பில்லுக்குப் பின்னாடி எழுதினேன், "செத்துட்டா"ன்னு. பாவம், அவன் என்ன பண்ணுவான்.

உன் மேல எனக்குக் கோவம் வந்துச்சு பூங்கொடி. மறைக்க மாட்டேன். இப்படி ஒரு விதி வரப்போவுது, முன்னாடியே பதிவு பண்ணுன்னு உன் கூட்டாளி பர்வீன் சொல்லுச்சாமே. எங்கண்ணன் பேசறதுக்கு எவன்கிட்ட அனுமதி வாங்கணும்னு கேட்டியாம். "நீ என்ஜினைத் தொறக்கறதுக்குக் கம்பெனிக்காரன்கிட்ட கேக்குறியா? காசு குடுத்து வாங்குன போனும் அப்படித்தாண்ணா இருக்கணும்"னு என்கிட்டயும் சொன்ன. நியாயம்தான். ஆனா அந்த நியாயத்துக்கு என் வாய்தானா கெடைச்சுது?

கட்டற்ற மென்பொருள்னு நீங்க ரெண்டு பேரும் ஞாயித்துக்கிழமையானா உக்காந்து பேசுவீங்களே, அந்தப் பர்வீன் வீட்டுக்குத்தான் போனேன். "அண்ணா, அவ எழுதுனதை யாரும் எடுத்துக்கலாம்னு தொறந்துதான் வச்சிருக்கா. என் பேருல பதிவு பண்ணிடறேன். நாளைக்குக் கம்பெனிக்காரனுக்குப் பிடிக்கலன்னா அதையும் நிறுத்துவான், பரவால்லியா?"ன்னு கேட்டுச்சு. தலையாட்டிட்டேன். எனக்குக் கொள்கையாவது ஒண்ணாவது, அம்மா வீட்டுல சுவரைப் பாத்து உக்காந்திருக்கு.

செஞ்சவர் பேருங்கிற எடத்துல பர்வீன் உன் பேரைத்தான் அடிச்சுது. அடுத்தாப்ல கம்பெனிக்காரன் உன் அடையாள அட்டை கேட்டான். வேற வழியில்லாம உன் பேரை அழிச்சுது. தன் பேரை அடிக்க அதுக்குக் கை வரல. "இது நான் செஞ்சது இல்லண்ணா"ன்னு அழுதுச்சு. நான்தான் கம்ப்யூட்டரை மூடினேன்.

அப்புறம் அதுவே எங்கேயோ தேடி ஒரு பழைய போன் கொண்டாந்துச்சு. கம்பெனி போட்டதை எடுத்துட்டு, உன்னை மாதிரி ஆளுங்க சேந்து சும்மா செஞ்சு குடுத்த சாஃப்ட்வேரைப் போட்டுச்சு. அது யாரையும் நீ யாருன்னு கேக்கல, உன் ஆப்பை ஏத்துக்கிச்சு. சார்ஜ் மத்தியானம் வரைக்கும் நிக்காது, பேங்க் ஆப் ஓடாது. இப்படித் தொறக்க விடுற போன் இனிமே கெடைக்கறதே கஷ்டம்னு பர்வீன் சொல்லுது. எத்தனை நாளைக்கு வரும்னு எனக்குத் தெரியல.

நேத்து மத்தியானம் வீட்டுக்குப் போயி மொத மொதல்ல தொட்டேன். "அம்மா, பசிக்குது, சோறு போடு"ன்ன நீ. அம்மா அடுப்பங்கரையிலேருந்து திரும்பிக்கூடப் பாக்கல. "ஏன் இவ்ளோ நாள் பேசல?"ன்னு கேட்டுச்சு. ரெண்டு தட்டு எடுத்தாந்து வச்சு, ரெண்டுலயும் சோறு போட்டுச்சு. அம்மா எப்பவும் நாம சாப்ட்டப்புறம்தான் சாப்பிடும். உனக்குத் தெரியும்.

இந்தப் போன் போனா இன்னொண்ணு தேடுவேன், கெடைக்கலன்னா எங்க போனை எங்களுக்குத் தொறந்து விடுங்கன்னு பர்வீனோட தெருத்தெருவா நின்னு கேப்பேன். உன் பேரை அழிச்சுட்டு உன் குரலை வாங்க மாட்டேன். இது சத்தியம்.

உன் வாயால பேசுற உன் அண்ணன்,
ஏழுமலை