நிதானத்துக்குக் கட்டம் இல்லை

14.8.2008

மேகமலையில் ஏலக்காய் பறிக்கும் பெண்ணைப் புருஷன் புத்திச் சோதனைக்குக் கூட்டி வந்திருந்தான். கம்ப்யூட்டரில் புள்ளிகள் எந்தப் பக்கம் நகர்கின்றனவோ அந்தப் பக்கத்துப் பொத்தானை அமுக்க வேண்டும். வெகுநேரம் பார்த்துப் பார்த்தே அமுக்கினாள்.

"பிஞ்சைப் பறிச்சா கங்காணி வைவாக டாக்டரம்மா. பாத்துத்தான் கை வைக்கணும்."

ஒரு தப்புகூட இல்லை. புத்தி சரியாக இருக்கிறது, நிதானம்தான் அதிகம் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுத் தனித்தனியே பிரித்துக் காட்டியது. சான்றிதழில் நேரத்துக்கு மட்டுமே கட்டம். அதை நிரப்பி, நேரம் கூடுதல் என்பதால் 'மந்தபுத்தி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஏன் போட்டேன்?

புருஷன் தாளை மடித்தான். "இதக் காட்டி ஊர்க்கூட்டத்துல அத்துவிட்டுட்டு, வேற ஒருத்தியக் கட்டிக்கிருவேன்."

அவளுக்குக் கேட்கவில்லை. வாசலில் நின்று திரும்பினாள்.

"நான் பாஸா டாக்டரம்மா?"

தலையாட்டினேன். சிரித்துக்கொண்டே அவன் பின்னால் போனாள்.