படுக்கையறைச் சுவருக்குள் புதைத்த எரிவாயுக் குழாயை மாற்றித் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
செ. ஜெயசீலன் (வயது 31),
த/பெ செல்லப்பன்,
மாதா கோயில் தெரு, சேதராப்பட்டு,
வில்லியனூர் கொம்யூன், புதுச்சேரி.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகம்,
வில்லியனூர்.

பொருள்: உள்சுவரில் பாதுகாப்பின்றிப் புதைக்கப்பட்ட எரிவாயுக் குழாயை அகற்றி, வெளிச்சுவர் வழியாக அமைக்க உத்தரவிட வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் சேதராப்பட்டில் அட்டைப்பெட்டி ஆலை ஒன்றில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். என் மனைவி ஆரோக்கியசெல்வி முதல் பிரசவத்துக்காக மடுகரையில் உள்ள தாய்வீட்டுக்குச் சென்றிருந்தார். கடந்த ஏப்ரலில் அறுவை சிகிச்சை செய்து பெண் குழந்தை பிறந்தது. வீடு திரும்பியபின் அவர் சிலிண்டரை நகர்த்தி வயிற்றில் வலி தேடிக்கொள்ளக் கூடாது என்று எண்ணி, மே மாதம் குழாய் எரிவாயு இணைப்புப் பெற்றேன்.

2. மீட்டர் வாசல் பக்கம் உள்ளது, சமையலறை பின்னால். குழாயைப் படுக்கையறைச் சுவருக்குள் வைத்துப் பூச முடியுமா என்று கேட்டவன் நானே. இதைத் தங்களிடம் மறைக்க விரும்பவில்லை. என் மனைவி வருவதற்காக வண்ணம் அடித்த அறை அது. எரிவாயு நிறுவனம் அனுப்பிய ஒப்பந்ததாரரின் ஆட்கள் கூடாது என்று சொல்லவில்லை. “அதுக்கு இன்னா, வெச்சிடலாம்” என்றார்கள். நான் வேலை முடிந்து வருவதற்குள் பூச்சும் முடிந்திருந்தது.

3. ஜூலை 9 அன்று மனைவியும் மகளும் வீட்டுக்கு வந்தார்கள். 18ஆம் தேதி பிற்பகல், குழந்தையைத் தூளியில் கிடத்திவிட்டு மின்விசிறியைப் போடப் போன என் மனைவிக்கு, சுவிட்சுப் பெட்டியின் துளையிலிருந்து எரிவாயு வாடை வந்தது. சுவிட்சைத் தொடாமல் கையை இழுத்துக்கொண்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். பக்கத்து வீட்டு கஸ்தூரி அக்கா மீட்டரருகே இருந்த வால்வை மூடினார். அன்று மாலையே மனைவி மடுகரைக்குத் திரும்பிவிட்டார். என் மகள் இந்த வீட்டில் இருந்தது ஒன்பது நாட்கள்.

4. மறுநாள் நிறுவனத்தார் வந்து எரிவாயு இணைப்பை மூடி முத்திரையிட்டனர். சுவருக்குள் எரிவாயுக் குழாயைச் சுற்றிக் காப்புக்குழாய் போட்டிருப்பதாக ஒப்பந்ததாரர் சாதித்ததால், கொத்தனாரை வைத்துப் பூச்சைப் பெயர்த்துப் பார்த்தேன். காப்புக்குழாய் இல்லை. குழாய்கள் இரண்டைப் பொருத்திய இணைப்பு, சுவிட்சுப் பெட்டிக்குப் பின்னாலேயே செங்கல்லுக்குள் இருந்தது. கசிந்தது அங்கேதான்.

5. இதைக் காட்டியபோது ஒப்பந்ததாரர், “நீங்கதான சார் மறைக்கச் சொன்னீங்க?” என்றார். குழாய் நிறுவனத்தின் சொத்து, நான் கழற்றினால் வழக்கு வரும் என்றும் எச்சரித்தார். நிறுவனத்துக்கு மூன்று முறை எழுதியும் பதில் இல்லை. அழகு பார்க்கத் தெரிந்த எனக்கு ஆபத்து தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லியிருக்க வேண்டும் என்பதே என் முறையீடு.

6. இப்போது குழாயில் எரிவாயு வருவதில்லையே, நீ வீட்டுக்கு வரலாமே என்று மனைவியிடம் கேட்டேன். “அந்த செவுத்தாண்ட கொயந்தய படுக்க வெக்க மாட்டேன். கொயாய எடுத்துட்டு கூப்புடு, அடுத்த பஸ்ஸுல வரேன்” என்றார். அவர் பயத்தை நான் குறை சொல்லவில்லை. வார விடுமுறை தோறும் மடுகரை போய் வருகிறேன். மகள் குப்புற விழுந்ததைக் கைப்பேசியில்தான் பார்த்தேன். சென்ற வாரம் தூக்கியபோது, ஆள் தெரியாமல் அழுது தன் தாயிடம் தாவினாள். அவளுக்கு இம்மாதம் ஆறு மாதம் முடிகிறது. முதல் சோற்றை எங்கள் வீட்டில் ஊட்ட வேண்டும் என்று இருவருமே ஆசைப்படுகிறோம்.

ஆகவே, குழாயைக் கண்ணுக்குத் தெரியும்படி வெளிச்சுவரில் கொண்டுசென்று, சமையலறைச் சுவரை ஒரே இடத்தில் மட்டும் காப்புக்குழாய்க்குள் நேராகக் கடக்கச் செய்யவும், சுவருக்குள் இணைப்பு எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளவும், கசிவுச் சோதனை செய்து எழுத்தில் சான்று தரவும் நிறுவனத்துக்கு உத்தரவிடுமாறு பணிந்து கேட்கிறேன். இதே ஆட்கள் எங்கள் தெருவில் இன்னும் பதினொரு வீடுகளில் வேலை செய்துள்ளனர். அவற்றுள் இரண்டில் கைக்குழந்தைகள் உள்ளன. அவ்வீடுகளையும் சோதிக்க வேண்டுகிறேன். முதலில் அங்கே போவதானாலும் எனக்குச் சம்மதமே, நான் காத்திருக்கிறேன்.

ஆட்கள் வரும் நாளைத் தெரிவித்தால் விடுப்பு எடுத்து வீட்டில் இருப்பேன். சான்று கைக்கு வந்ததும் அதை எடுத்துக்கொண்டு மடுகரைக்குப் புறப்படுவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செ. ஜெயசீலன் (ஒப்பம்)

இடம்: சேதராப்பட்டு
நாள்: 06.10.2025

இணைப்பு: பெயர்த்த சுவரின் புகைப்படங்கள் நான்கு, நிறுவனத்துக்கு எழுதிய கடிதங்களின் நகல்கள் மூன்று.