பதினொன்றாம் வாரத்துக் கேள்வி

மகப்பேறு வார்டு, மூன்றாம் மாடி, படுக்கை 14
வெள்ளிக்கிழமை, மதியம் பன்னிரண்டரை மணி

அன்புள்ள முந்திரிக்கொட்டைக்கு,

நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. முதலில் எழுந்து போய் மாடிப்படி நாற்காலியின் ஃபியூஸைக் கழற்று.

இரு. மேலே உள்ள வரியை நான் கோடு போட்டு அடித்திருப்பதைப் பார்த்திருப்பாய். அப்பா இந்த நிமிஷம் நாற்காலியில் உட்கார்ந்து படியில் இருந்தால் ஃபியூஸைத் தொடாதே. அவர் கீழ்ப்படிக்கு வந்து, இறங்கி, வேறு இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் கழற்ற வேண்டும். கழற்றியதைப் பத்திரமாக உன்னிடமே வைத்துக்கொள். தவறாக எழுதியதை ஒற்றைக் கோட்டால் அடி, அழிக்காதே என்று உங்கள் நோட்டில் நூறு தடவை எழுதியிருக்கிறேன். அதனால் என் தவறும் தெரியட்டும் என்று விட்டிருக்கிறேன். நாலு வரி எழுதுவதற்குள் ஒரு மனிதரைக் கொல்லப் பார்த்தேன், பார்த்தாயா? என் கை நிலைமை அப்படி.

இதைக் கொண்டு வருகிறவன் உன் பிராஜெக்ட் கூட்டாளி சோடாபுட்டி. அவனோடு நீ இப்போது பேசுவதில்லை என்று தெரியும். பேச வேண்டாம், கையில் இருக்கும் சாக்கு மூட்டையை மட்டும் வாங்கிக்கொள். பதினொரு கிலோ கனம், பாவம், அவன் எடையில் கால்வாசி. உள்ளே இருப்பது உங்கள் பழைய கியர்பாக்ஸ். பட்டறையில் என் மேஜைக்கு அடியில் கிடந்தது.

இன்று காலையில் என்னைப் பார்க்க அவன் வந்தான். அரை மணி நேரம் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரி மின்விசிறியைப் பற்றியெல்லாம் பேசிவிட்டு, கடைசியில்தான் விஷயத்தைக் கக்கினான். மோட்டாரும் தண்டவாளமுமாக நாற்காலி உன் வீட்டுக்குப் போய்விட்டதாம். மாடிப்படி ஓரமாகப் பொருத்தியாகிவிட்டதாம். நாளை சனிக்கிழமை பதினொரு மணிக்கு அப்பா இரண்டு வருஷத்துக்குப் பிறகு கீழே தையல் கடைக்கு இறங்கி வரப்போகிறாராம். மேடம் வரும்வரை பொறுக்கலாம் என்று அவன் சொன்னதற்கு நீ சொன்ன பதிலை, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"மேடமே கையெழுத்து போட்டுட்டாங்க, அப்புறம் உனக்கு என்னடா பயம்?"

அதைக் கேட்டதும் எழுந்து படுக்கையைச் சுற்றி நடக்க ஆரம்பித்தேன். வயிற்றுக்குள் இருக்கிற சின்ன ஆளுக்கும் விஷயம் தெரிகிறது போல. நர்ஸ் வந்து இரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, என்ன மேடம் ஓடிட்டு வந்தீங்களா என்றாள்.

உன் போனைச் செவ்வாய்க்கிழமை கடைசல் எந்திரத்தின் எண்ணெய்த் தொட்டியில் போட்டாயே, நல்ல நாள் பார்த்துப் போட்டாய். கடைப் பலகையில் இருந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்கிறது. என் கணவர் உங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்கே போன் செய்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட போலீஸ்காரர், நாற்காலியை யார் திருடினார்கள் என்று கேட்டாராம். அந்தப் பக்கம் ஆள் போனால் சொல்லச் சொல்கிறேன் என்றும் சொன்னாராம். அதனால் சோடாபுட்டிதான். மூன்று மணி பஸ், நாளைக் காலை எட்டு மணிக்கு உன் ஊர். தூங்கி ஸ்டாப்பைத் தவறவிடாதே என்று மூன்று முறை சொல்லியாயிற்று. வாய்ச்சொல்லாகவும் எல்லாம் சொல்லி அனுப்புகிறேன். ஆனால் அவன் சொன்னால் நீ நம்பமாட்டாய், அவன் எப்போதும் பயப்படுகிறவன் என்பாய். பயப்படுவது நான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நீ சிரிக்கலாம். இந்தப் பேயை நான் நேரில் பார்த்தவள், அதைத்தான் சொல்ல வேண்டும்.

முதல் வாரத்தை நினைத்துப் பார். கண்ணால் பார்த்த ஒரு தேவையைக் கொண்டுவாருங்கள், அதுதான் உங்கள் பிராஜெக்ட் என்று சொன்னேன். மற்றவர்கள் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பெட்டி, வருகைப்பதிவு எந்திரம் என்று எங்கிருந்தோ இறக்கிக்கொண்டு வந்தார்கள். நீ அப்பாவின் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தாய். பத்தொன்பது படி, ஒவ்வொன்றும் ஏழரை அங்குலம், எட்டாவது படி மட்டும் எட்டு. அப்பாவுக்கு ஒரு பக்கம் விழுந்ததிலிருந்து மாடியை விட்டு இறங்கவில்லை, கீழே அம்மா தைக்கும்போது சத்தத்தை வைத்தே மேலிருந்து நூல் தளர்ந்திருக்கிறது என்று குரல் கொடுப்பார் என்றாய். எனக்கு அன்றே உன் மேலும் உன் அப்பா அம்மா மேலும் ஒரு பிரியம். அந்தப் பிரியம்தான் என்னைக் கெடுத்தது என்று இப்போது தோன்றுகிறது.

ஐந்தாவது வாரம் பட்டறைப் படிக்கட்டில் சுமை ஏற்றிச் சோதித்தீர்கள். எண்பது கிலோ மணல் மூட்டை, பாதிப் படியில் நிறுத்தி மின்சாரத்தைத் துண்டித்தீர்கள். அசையவில்லை. அசையாது. பழைய கியர்பாக்ஸில் மோட்டார் அறுபது சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று. அவ்வளவு மெதுவான பல்லை எடையால் பின்னுக்குத் தள்ள முடியாது. தனியாக பிரேக் வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்தது அன்றைக்குச் சரி.

அப்புறம் நீ எடுத்துக்கொண்டு போன வீடியோவைப் பார்த்து அப்பா, "இந்த வேகத்துல வந்தா நான் இறங்கறதுக்குள்ள கடையையே சாத்திடுவாங்கம்மா" என்றார். பதினோராவது வாரம் நோட்டில் எழுதியிருந்தாய்: கியர்பாக்ஸ் மாற்றப்பட்டது, பதினைந்து சுற்றுக்கு ஒன்று, வேகம் நாலு மடங்கு. பக்கத்தில் ஒரு சிரிக்கிற முகம். நான் அதற்குக் கீழே சிவப்பு மையில் ஒரு கேள்வி எழுதினேன். மின்சாரம் போனால் நாற்காலி எங்கே நிற்கும்? நீ அடுத்த நாளே பதில் எழுதிவிட்டாய், பெயருக்கேற்றபடி. "நின்ற இடத்தில் நிற்கும். 5ஆம் வாரம் சோதித்தாயிற்று."

அந்தச் சோதனை பழைய பெட்டிக்கு. புதிய பெட்டியின் பல் சரிவானது, எடை தள்ளினால் பின்னுக்குச் சுற்றும். மின்சாரம் இருக்கும்வரை மோட்டார் பிடித்துக்கொள்ளும். போனால் பிடிக்க ஒன்றுமே இல்லை. உட்கார்ந்திருப்பவரின் எடையே நாற்காலியைக் கீழே ஓட்டும், போகப் போக வேகமாக. உன் பதிலைப் படித்த நொடியே எனக்கு இது தெரியும்.

தெரிந்துதான் டிக் போட்டேன். கையெழுத்தும் போட்டேன்.

ஏன் என்று கேட்பாய். நான் விடை சொல்லமாட்டேன், கேள்விதான் கேட்பேன் என்பது உனக்குத் தெரியும். நீங்களே அலுமினியத் தகட்டில் 'விடை இங்கே விற்கப்படுவதில்லை' என்று செதுக்கி என் அறை வாசலில் மாட்டினீர்கள். தானே கண்டுபிடித்தது மறக்காது என்று நம்புகிறவள் நான், இன்றும் நம்புகிறேன். ஆனால் உண்மை அதோடு முடியவில்லை. அடுத்த திங்கட்கிழமை சுமைச் சோதனையில், வகுப்பு முழுக்கப் பார்க்க, பாதிப் படியில் நானே பிளக்கைப் பிடுங்க இருந்தேன். மணல் மூட்டை தடதடவென்று இறங்கும், உன் வாய் திறந்தபடி நிற்கும், அந்த முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டேன். ஆசிரியர் அறையில் இதைச் சொல்லிச் சிரித்தேன்கூட. உனக்கு ஒரு பாடம், எனக்கு ஒரு வேடிக்கை. என்னிடம் இப்படி ஒரு கர்வம் இருப்பது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அதற்குள் போன சனிக்கிழமை எனக்குக் கால் வீங்கி, கண் மங்கி, இங்கே சேர்த்துவிட்டார்கள். திங்கட்கிழமை என்னால் வர முடியவில்லை. எனக்குப் பதிலாக வந்த பக்கத்து அறை சாரைக் குறை சொல்ல மாட்டேன். நோட்டைத் திறந்தார். கேள்வி இருந்தது, பதில் இருந்தது, டிக் இருந்தது, கையெழுத்து இருந்தது. மேடம் பார்த்துட்டாங்க, எடுத்துட்டுப் போங்க என்றார். நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஒரு வார்த்தை போனில் சொல்லியிருக்கலாம், படுத்துக்கொண்டேதானே இருந்தேன். நான் வராமல் நாற்காலி எங்கே போகப்போகிறது என்று இருந்துவிட்டேன். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறேன் இப்போது.

கண்ணை மூடினால் அந்தப் பத்தொன்பது படிதான். அவருக்கு இடது கை பிடிக்காதே, எதைப் பற்றிக்கொள்வார்? கீழே நீதானே நிற்பாய், கையைத் தட்டிக்கொண்டு?

இனி செய்ய வேண்டியது. பழைய பெட்டியை மாட்டுங்கள், அதே நாலு போல்ட். மாட்டியதும் ஃபியூஸைத் திரும்பப் போட்டு, எண்பது கிலோ மூட்டையை ஏற்று. பாதிப் படியில் நிறுத்தி, தண்டவாளத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, மெயினை அணை. பக்கவாட்டில் நில், படிக்குக் கீழே யாரும் நிற்கக் கூடாது, அம்மாவும். பத்து நிமிஷம் பார். கோடு ஒரு விரல் அகலம் நகர்ந்தாலும் அந்த நாற்காலி வேண்டாம். நகராவிட்டாலும் நான் வந்து பிரேக் வைக்காமல் அப்பா அதில் ஏறக் கூடாது. நாளைக்கே அவர் கடையைப் பார்த்தாக வேண்டும் என்றால், சாதாரண நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கி இறக்குங்கள். சோடாபுட்டியை ஒரு ஆளாகக் கணக்கில் சேர்க்காதே.

என்னைப் பற்றி இரண்டு வரி. நாளைக் காலை பத்து மணிக்கு எனக்கு ஆபரேஷன். இனிமேல் பொறுக்க முடியாது என்றுவிட்டார்கள். டாக்டர் படுக்கைக்கு வந்து ஏதாவது கேட்கணுமா என்றார். நடுவில் மின்சாரம் போனால் என்றேன். ஜெனரேட்டர் இருக்கும்மா என்று சிரித்தார். கடைசியாக எப்போது சோதித்தீர்கள், அதற்குப் பிறகு எதையாவது மாற்றினீர்களா என்று கேட்டேன். அவர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ், அதெல்லாம் பார்த்துக் கையெழுத்து போட்டிருப்பாங்க மேடம் என்றாள். அதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நான் வாத்தியார் வேலை பார்க்கிறேன் என்று நினைத்து என் கணவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. யாரோ ஒருவரின் டிக்கை நம்பி மேஜையில் படுக்கிறவருக்கு எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது.

தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று நீ என்னைக் கேட்கலாம். எப்போது வேண்டுமானாலும், வகுப்பில் எல்லோர் முன்னாலும் கேட்கலாம். உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், அப்பாவிடமும் கேட்டதாகச் சொல். எனக்கு இப்போது வேண்டியது அவர் மாடியில் உட்கார்ந்து, நூல் தளர்ந்திருக்கிறது என்று நாளைக்கும் குரல் கொடுப்பது ஒன்றுதான்.

ஃபியூஸ் உன் கைக்கு வந்ததும் சோடாபுட்டியின் போனிலிருந்து என் நம்பருக்குக் கூப்பிடு. எட்டரைக்குள் கூப்பிட்டால் நானே எடுப்பேன். பிறகென்றால் என் கணவர் எடுப்பார், போன் அவர் சட்டைப் பையில் இருக்கும். விளக்கம் எதுவும் வேண்டாம், கழற்றிவிட்டேன் என்று ஒரு சொல் போதும். மயக்கம் தெளிந்ததும் எனக்கு இரண்டு செய்தி சொல்ல வேண்டும் என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். எதை முதலில் சொல்லட்டும் என்று கேட்டார்.

சோடாபுட்டி கடிகாரத்தைப் பார்க்கிறான். நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கை செய்கிற எதுவும் யாரையும் கீழே விடாமல் இருக்க வேண்டும். இத்தனை நாள் உன்னிடம் கேள்வியாகவே கேட்டேன். இது கேள்வி இல்லை, கண்ணு. அப்பாவை அதில் உட்கார வைக்காதே.

போனைக் கையில் பிடித்தபடி,
உன் மேடம்