படகின் அடியில் ஓர் ஓட்டை

தை மாதம், ஞாயிறு இரவு

வாலாஜாபாத் காயலான் கடையில் வாங்கிய பழைய பைபர் படகின் அடியில், நடுவே நீளமாக ஓர் ஓட்டை. என்ன படகென்று தெரியாமலே அதை அடைக்க இன்று ரெசின் பசை கலக்கிவிட்டேன். மனைவி மும்தாஜ் தடுத்தாள்.

"உடஞ்ச ஓட்டை இவ்ளோ நேராவா இருக்கும்? யாரையாவது கேளுங்க."

சென்னையில் படகு ஓட்டும் நண்பன் தாமஸுக்குப் படம் அனுப்பினேன். உடனே கூப்பிட்டான்.

"அடைச்சிடாதப்பா. அது பாய்மரப் படகு. அந்த வழியாத்தான் பலகைய தண்ணிக்குள்ள இறக்குவாங்க. பலகை இல்லன்னா காத்து படக பக்கவாட்டுல தள்ளிடும்."

கலக்கிய ரெசினை முன்பக்கத்தில் இருந்த ஒரு விரிசலில் பூசினேன். மாலையில் காய்ந்ததும், ஓட்டையைச் சுற்றி உள்ளே பெட்டிபோல் எழும்பியிருந்த சுவரைத் தாண்டாமல், விரிசல் மூழ்கும் வரை தண்ணீர் ஊற்றினோம். மும்தாஜ் அடியில் தடவிப் பார்த்துச் சிரித்தாள்.

"சொட்டுகூட ஒழுகல. ஏரியில முதல்ல என்னத்தான் ஏத்திக்கினு போவணும்."

சரி என்றேன். இரண்டு பேருக்குமே நீச்சல் தெரியாது. அதை நாளைக்குப் பேசிக்கொள்ளலாம், இப்போது நல்ல தூக்கம் வருகிறது.