எதிர்வீட்டுக்காரிக்கு ஒரு மார்க்

ஜூலை 3

முட்டிவலி தேவலை. மருமகள் காப்பிக்குச் சர்க்கரை போடவில்லை. கேட்டால் பழியை டாக்டர் தலையில் போடுகிறாள்.

எதிர்வீட்டு பஸ் டிரைவர் படியில் "சாப்டீங்களா பாட்டி?" என்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். போன வருஷம் கொட்டுகிற மழையில் கை காட்டியும் நிறுத்தாமல் போனவள். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள், பார்த்துவிட்டுத்தான் போனாள். கல்யாணமான புதிதில் நாத்தனார் என் மூக்கைப் பற்றிச் சொன்னதையே நான் மறக்கவில்லை. இதையா மறப்பேன்?

ஜூலை 5

கல்லூரியிலிருந்து ஒரு பெண் வந்தாள். திருநங்கைகளைப் பற்றி ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அளக்கிறார்களாம். பல நாடுகளில் இதே கேள்விகள்தானாம். மனசை அளக்கவும் கோல் வந்துவிட்டது! ஒன்று என்றால் கொஞ்சமும் பிடிக்காது, ஐந்து என்றால் ரொம்பப் பிடிக்கும்.

பேரனுக்குத் திருநங்கை டீச்சர் பாடம் நடத்தினால்? ஐந்து. டாக்டராக வந்தால்? "ஊசி வலிக்காம போட்டா அஞ்சு."

"பக்கத்துல குடியிருந்தா?"

"இருந்தா என்ன இருந்தா? எதிர்வீட்லயே இருக்காளே அந்த பஸ்காரி! ஒண்ணு போடு. அதுக்கும் கீழ இருந்தா அதைப் போடு."

கல்லூரிப் பெண் போனதும் மருமகள் குதித்தாள். "அத்தை, எதிர்வீட்டுக்காரங்க படியிலதான் நின்னுட்டு இருந்தாங்க. முகமே செத்துப்போச்சு."

கேட்டால் கேட்கட்டும்.

ஜூலை 8

"சாப்டீங்களா" இல்லை. சுவரோரமாகத் தலையைக் குனிந்துகொண்டு போகிறாள். முறைத்துப் பார்த்தேன். பதிலுக்கு முறைக்கக்கூட இல்லை.

ஜூலை 9

எதிர்வீட்டைப் பார்க்கப் புரோக்கர் யாரையோ கூட்டி வந்தான். காலி செய்கிறாளாம்.

ஜூலை 10

சோறு இறங்கவில்லை. நான் என்ன சொல்லிட்டேன் இப்ப? அவளைச் சொன்னேன். அவ பொறப்பையா சொன்னேன்? – போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே அட்டைப்பெட்டிகள்.

"எங்கடி கெளம்பிட்ட?"

"நீங்கதான் ஒண்ணு போட்டீங்களே பாட்டி. முன்னாடி இருந்த வீடுகள்லயும் இப்படித்தான் ஆரம்பிக்கும். கிளப்பி விடறதுக்கு முன்னாடி நானே கிளம்பிடறேன்."

"அது நீ நிறுத்தாம போன பஸ்ஸுக்குப் போட்ட ஒண்ணுடி! உன் எடத்துல எவன் இருந்தாலும் ஒண்ணுதான். என் நாத்தனாருக்கு அரைகூடக் கெடையாது!"

அவள் இடுப்பில் கை வைத்தாள்.

"நீங்க நின்ன எடம் ஸ்டாப்பா?"

"மழைடி!"

"மழை பெஞ்சா ஸ்டாப்பு நகர்ந்து உங்ககிட்ட வருமா?"

அவள் குரல் கீழ்வீடு வரை கேட்டது. என் குரல் மட்டும் என்ன, தெருமுனை வரை போயிருக்கும். திரும்பி வந்து இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டேன்.

ஜூலை 12

கல்லூரிப் பெண்ணுக்கு மருமகளை விட்டு போன் போட்டேன். "அந்த ஒண்ணை மாத்தும்மா."

"இனி மாத்த முடியாது பாட்டி. எல்லா நாட்டுப் பதிலோடயும் சேர்ந்துடுச்சு."

ஆக, உலகக் கணக்கில் நான் அவளைப் போன்றவர்களையே பிடிக்காதவள்! இந்தப் பெண்ணையும் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

ஜூலை 16

எதிர்வீட்டுக் கதவுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறாள். இரண்டாவது கோட்டாம். கண்ணைக் குத்துகிறது. என் கட்டில்வரை தெரிகிறது. மிச்சப் பெயிண்டை எங்கள் கதவுக்கும் பூசட்டுமா என்று கேட்கிறாள், திமிர் பிடித்தவள்.

காயட்டும். அப்புறம் கச்சேரியை ஆரம்பிக்கிறேன்.