மூடிட்டேன் என்று சொல்லாத நாள்

என் கோபக்காரருக்கு,

இணையக் கிளவுடில் வைத்து இரண்டு ஊரிலிருந்தும் நாம் எழுதிவந்த பறவைக் குரல் பட்டியல் கோப்பு உடைந்துவிட்டது. உடைத்தது நான்தான்.

ஒருவர் வேலை முடித்து 'மூடிட்டேன்' என்று செய்தி அனுப்பிய பிறகே மற்றவர் அதைத் திறக்க வேண்டும் என்பது நம் ஏற்பாடு. சண்டைக்குப் பிறகும் அந்த ஒரு சொல் மட்டும் தினமும் உங்களிடமிருந்து வந்தது. செவ்வாய்க்கிழமை வரவில்லை. பத்து மணிவரை பார்த்துவிட்டு, வீம்புக்குத் திறந்தேன்.

சன்னலுக்கு வெளியே ஒரே பனி. எங்கோ மரங்கொத்தி தட்டிக்கொண்டிருந்தது, கனவுக்குள் யாரோ கதவைத் தட்டுவதுபோல. அதை எழுதிச் சேமித்தேன். அதே நேரத்தில் அங்கே நீங்களும் சேமித்திருக்கிறீர்கள்.

கணினி பழுதுபார்ப்பவர் பார்த்துவிட்டு, "கிளவுட் கோப்பை அப்படியே தூக்கிட்டுப் போகும்மா. பாதிதான் எழுதியிருக்குன்னு அதுக்குத் தெரியாது. உங்க பாதியும் அவரு பாதியும் கலந்துடுச்சு," என்றார்.

நீங்கள் அன்று சேமித்த நகல் ஒன்று மட்டும் கிளவுடில் பிழைத்தது. கடைசி வரியில் பறவையே இல்லை. "இன்று எதுவும் கேட்கவில்லை. நம் வீட்டு மரங்கொத்தி ஞாபகம்" என்று எழுதியிருந்தீர்கள். அதை எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதீர்கள்.

இனி என்ன செய்வது என்று பழுதுபார்ப்பவரிடமே கேட்டேன்.

"கோப்பு ஒரே கணினியில இருக்கட்டும்மா. ரெண்டு பேரும் அங்கயே வந்து எழுதுங்க."

உங்கள் நாற்காலியைத் துடைத்து வைத்திருக்கிறேன். மரங்கொத்தி இன்னும் தட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

நான் மூடிட்டேன்.

உங்கள்
வீம்புக்காரி